வலமிருந்து இடமாக ஒரு செம்போத்து

வீட்டில் யாருக்காவது ஒரு பைத்தியம் இருந்தால், அதை மற்றவர்கள் திட்டிக்கொண்டே இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. தபால்தலை சேர்க்கிறவனைத் திட்டலாம். ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் விழிக்கிறவனைத் திட்டலாம். திட்டும்வரை ஆபத்தில்லை. என்றைக்கு 'இவளுடைய பைத்தியத்தை வைத்து ஒரு காரியம் சாதித்துக்கொள்ளலாமே' என்று குடும்பம் கூடி முடிவு செய்கிறதோ, அன்றைக்குத் தொலைந்தது. என் பைத்தியம் குருவி பார்ப்பது. என் குடும்பம் அதை ஒரே ஒரு தடவை பயன்படுத்திப் பார்த்தது. பிறகு என் ஆயுளுக்கும் அந்தப் பக்கம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசி. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா கணக்கப்பிள்ளை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை தன் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய கிளாக்கருக்கு மேசை கிடைத்தது. டிரைவருக்குக் கட்டில் கிடைத்தது. அப்பாவுக்கு ஒரு பைனாகுலரும், கறையான் பாதி தின்ற ஒரு பறவைப் புத்தகமும் கிடைத்தன. அப்பா அந்த இரண்டையும் முற்றத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். (கட்டில் கிடைத்திருக்கலாம் என்று அவர் நினைத்தது முகத்தில் எழுதியிருந்தது.) பிறகு என்னிடம் தள்ளிவிட்டார்.

அந்தப் பைனாகுலரில் ஒரு பக்கம் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரு கண்ணில் மலை தெரியும், மறு கண்ணில் மூடுபனி தெரியும். உண்மையிலேயே மூடுபனி இறங்கிவிட்டால் இரண்டு கண்ணும் சமாதானமாகிவிடும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் முடித்து வேலை கிடைக்காமல் வீட்டிலிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணான நான், மலை மலையாக அலைந்தேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் என்னைக் கண்டால், "சின்னத் தொரையம்மா வர்றாங்க, கொழுந்த நல்லா எடுங்கடி" என்று சிரிப்பார்கள். நானும் துரை மாதிரியே இடுப்பில் கை வைத்து நிற்பேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

என் உயிர் முழுவதும் ஒரே ஒரு குருவிமேல் இருந்தது. ஆறுமணிக் குருவி. காலையில் விடியும்போதும் மாலையில் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து வந்து, எங்கள் மரநிழலில் புழு தின்று கொழுத்து, சித்திரை நெருங்கும்போது திரும்பிப் போய்விடும். (அந்த வருடங்களில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் போகக் குடியுரிமைக் கடுதாசிக்குக் காத்திருந்தார்கள். மீதிப் பேர் இங்கேயே இருக்கக் கடுதாசிக்குக் காத்திருந்தார்கள். இந்தக் குருவி மட்டும் ஒரு கடுதாசியும் இல்லாமல் வருவதும் போவதுமாக இருந்தது. அதன்மேல் எனக்கு மரியாதை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.) சத்தம் மட்டும் தினமும் கேட்கும். ஆளைக் காணவே முடியாது. மூன்று வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அதன் வாலைக்கூடப் பார்த்ததில்லை. (அதற்கு வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும்.)

இந்த நிலையில்தான் என் அக்கா புஷ்பத்துக்கு ஒரு வரன் வந்தது.

மாப்பிள்ளை நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். பெயர் நடராஜா. ஹட்டன் கோயில் தேரன்று அக்கா அவரைப் பார்த்திருந்தாள். கூட்டத்தில் அக்காவின் செருப்பு அறுந்துபோக, அவர் தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாராம். சட்டை திறந்துகொள்ள, ஒரு கையால் பிடித்துக்கொண்டே தேர் இழுத்தாராம். அன்றிலிருந்து அக்கா சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்தாள். ஹட்டனில் புடவைக் கடையில் வேலை செய்த ராமையா மாமா, அம்மாவின் தம்பி, எப்படியோ அந்த ஊக்குக்காரரையே கண்டுபிடித்துப் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

எல்லாம் சரி. மாப்பிள்ளையின் அம்மா மீனாட்சியம்மாதான் கண்டம்.

"அந்தம்மா தங்கமான மனுசி" என்றார் மாமா. "ஆனா சகுனம் பாப்பாங்க. சும்மா இல்ல, கடுமையா பாப்பாங்க. போன வருசம் பொண்ணு பாக்கப் போற வழியில பூனை குறுக்க போயிருச்சு, பஸ்ஸ விட்டு எறங்கிட்டாங்க. இன்னொரு எடத்துக்குப் போறப்ப ஒருத்தன் வெறகு தூக்கிட்டு எதுத்தாப்புல வந்தான். பொண்ணு வீட்டு வாசல்லேருந்து திரும்பிட்டாங்க."

அப்பா தலையில் கை வைத்தார். தேயிலைத் தோட்டத்தில் சாயங்காலம் விறகு தூக்காமல் வருகிறவன் யார்?

மீனாட்சியம்மாவே சின்ன வயதில் கணவரை இழந்தவர். அவர் நம்பிய அதே சகுனக் கணக்கின்படி, அவர் எதிரே வந்தாலும் மற்றவர்கள் திரும்பிப் போகவேண்டும். அதனால் எந்த நல்ல காரியத்திலும் அவர் முன்னால் நிற்கமாட்டாராம், எப்போதும் ஓர் ஓரமாகத்தான் நிற்பாராம். இதை மாமா போகிறபோக்கில் சொன்னார். நானும் போகிறபோக்கில் கேட்டுக்கொண்டேன்.

அக்கா என்னைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "மல்லி, இந்த எடம் தட்டிப் போச்சுன்னா எனக்கு வேற எடமே வேணாம். நான் யாருக்கும் கழுத்த நீட்ட மாட்டேன்" என்றாள். எப்போதும் என்னைச் சீண்டிக்கொண்டே இருக்கிறவள், அன்றைக்கு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. குருவியைத் தவிர வேறெதற்கும் நான் அழுது அதுவரை அக்கா பார்த்ததில்லை.

அன்று அடுப்படியில் குடும்பம் கூடியது. கெட்ட சகுனங்களைத் தடுப்பது சுலபம் என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோட்டில் யாரும் விறகு தூக்கக்கூடாது என்று லயத்தில் சொல்லிவைத்துவிடலாம். பூனைகளைப் பிடித்து, வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தில் அடைத்துவிடலாம். ஆனால் அது போதாது என்றார் மாமா. பயந்து பயந்து வருகிற மனுசிக்கு ஒரு நல்ல சகுனம் கண்ணில் பட்டுவிட்டால் காரியம் முடிந்தது.

"செம்போத்து குறுக்க போனா ரொம்ப விசேசம்னு அந்தம்மா சொல்வாங்க" என்றார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"நீதான் எந்நேரமும் குருவி குருவின்னு அலையிறியே" என்றார் அப்பா. "ஒரு செம்போத்த அந்தப் பக்கம் வெரட்டிவிட மாட்டியா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கல்விக்கு மதிப்பு வந்துவிட்டது! நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள வளைவில், ஆள் உயர மானாப் புல்லுக்குள் ஒரு செம்போத்து குடியிருப்பதாகவும், அதன் நடவடிக்கை முழுவதும் எனக்கு அத்துப்படி என்றும், அது நான் சொன்னால் கேட்கும் என்றும் அறிவித்தேன். (கடைசி வாக்கியத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது.)

இன்னொரு வசதியும் இருந்தது. மூத்தவளைப் பார்க்க வருகிற நாளில் இளையவள் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் பக்க வழக்கம். "எப்படியும் இவளை எங்கயாச்சும் ஒளிச்சு வைக்கத்தான் வேணும். புல்லுக்குள்ள இருந்துட்டுப் போறா" என்றாள் அம்மா. என் அழகுக்குக் கிடைத்த அந்த ஒரே பாராட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்பதில்தான் சண்டை வந்தது. அப்பா இடமிருந்து வலம் என்றார். மாமா வலமிருந்து இடம் என்றார். ஒத்திகை நடந்தது. மாமா காராக மாறி, முறத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே அடுப்படிக்குள் ஊர்ந்தார். நான் செம்போத்தாகக் குறுக்கே நடந்தேன். "இதுதான் வலம்" என்றார் மாமா. "அது ஒனக்கு வலம், எனக்கு எடம்" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அப்பா. "மச்சான், நீங்க கார்ல வரல, வீட்ல இருக்கீங்க!" என்று மாமா கத்தினார். கடைசியில் மீனாட்சியம்மா வாயாலேயே கேட்டவர் மாமா என்பதால், வலமிருந்து இடம் என்று தீர்ப்பானது.

இனி எங்கள் ரோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கார் கீழேயிருந்து ஏறி வரும். ஒரு வளைவில் அப்படியே முதுகைத் திருப்பிக்கொண்டு, வந்த ரோட்டுக்கு மேலேயே எதிர்த்திசையில் போய், எங்கள் வீட்டு முற்றத்தில் முடியும். கீழ் ரோட்டுக்கும் மேல் ரோட்டுக்கும் நடுவே ஒரு துண்டுத் தேயிலை. செம்போத்தின் மானாப் புல், கீழ் ரோட்டுக்கும் கீழே. கீழ் ரோட்டில் கார் வரும்போது பறவையை மேலே பார்த்து விரட்டினால் அது வலமிருந்து இடம் போகும். அட்டகாசம். ஆனால் அதே பறவை அதே திசையில் இன்னும் கொஞ்சம் பறந்து மேல் ரோட்டையும் தாண்டினால், கார்தான் அதற்குள் திரும்பிவிட்டதே, அது இடமிருந்து வலமாகிவிடும். இதை அடுப்படியில் ஒருவரும் யோசிக்கவில்லை. முறத்தை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவு திரும்ப முடியாது அல்லவா.

அந்த வாரம் முழுவதும் நான் நத்தை பொறுக்கினேன். செம்போத்துக்கு நத்தை என்றால் உயிர். அதை அந்தப் புல்லைவிட்டு நகரவிடாமல் வைத்திருக்க, தினமும் சாயங்காலம் அங்கே நத்தைப் படையல் போட்டேன். என் கையில் வந்த வாடைக்கு அம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சோறு போட்டாள். செம்போத்தோ கொழுத்துப்போய், பறப்பதையே விட்டுவிட்டு, பணக்கார முதலாளி போல நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அது கிளம்பாமல் நின்றுவிட்டால்? அதனால் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், தட்டி விரட்ட.

ஞாயிற்றுக்கிழமை. அம்மாவின் பழைய கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கழுத்தில் ஒரு பக்கம் பைனாகுலர், ஒரு பக்கம் தகரம், காலில் அட்டைகள் சகிதம் நான் புல்லுக்குள் உட்கார்ந்திருந்தேன். மேல் ரோட்டில் மாமா ஒரு துண்டோடு நின்றார். கார் தெரிந்ததும் துண்டை ஆட்டவேண்டும். லயத்தில் ஒரு விறகுக்குச்சி அசையவில்லை. பிள்ளை மடுவத்திலிருந்து தோட்டத்துப் பூனைகள் எல்லாம் சேர்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தன.

துண்டு ஆடியது. டவுனிலிருந்து பிடித்த வாடகைக் கார் முக்கி முனகிக்கொண்டு ஏறி வந்தது. நான் சாமியைக் கும்பிட்டுவிட்டு, தகரத்தில் ஒரு போடு போட்டேன்.

செம்போத்து என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை நாள் நத்தை போட்டவளா இப்படி என்கிற பார்வை. மறுபடி போட்டேன். அது பெருமூச்சு விட்டதுபோல உடம்பை உலுக்கி, செங்கல் நிறச் சிறகை விரித்து, காருக்கு முன்னால், சொல்லிவைத்தாற்போல, வலமிருந்து இடமாகப் பறந்து நடுத் தேயிலைக்குள் இறங்கியது.

கார் நின்றது. பின் சீட்டிலிருந்து இரண்டு கைகள் கூப்பி வெளியே நீண்டன. மேலே மாமா துண்டைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார். "வந்துருச்சு! வலமிருந்து எடம்! வந்துருச்சு!" என்று அவர் கத்தியது கீழே எனக்கே கேட்டது. நான் புல்லுக்குள் மல்லாந்து விழுந்து காலை உதைத்துக்கொண்டு சிரித்தேன். அக்காவுக்குக் கல்யாணம்! அதை நடத்தியவள் நான்!

அங்கேயே படுத்திருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும்.

அப்போதுதான் அந்த விசில் கேட்டது. இரண்டு சுரம். மிகப் பக்கத்தில், ரோட்டுக்கு மேலே, நடுத் தேயிலையில். பங்குனி முடியப்போகிறது. இன்றோ நாளையோ போய்விடும். கார் என்னைத் தாண்டிப் போய்விட்டது. என் வேலையும் முடிந்துவிட்டது. ஒரே ஒரு பார்வை பார்த்தால் என்ன? வளைவில் அந்தப் பழைய கார் ஒரே வீச்சில் திரும்பாது, பின்னால் எடுத்து முன்னால் எடுத்துத்தான் திருப்பவேண்டும். அந்த நேரத்துக்குள் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். நான் ரோட்டைத் தாண்டி, தேயிலைக்குள் நான்கு காலில் ஏறினேன்.

பார்த்தேன்.

தேயிலை வரிசைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள், காய்ந்த இலைமேல், கைப்பிடி அளவுக்கு நின்றுகொண்டிருந்தது. முதுகு பச்சை. வயிறு சந்தன மஞ்சள். அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டின மாதிரி ஒரு பட்டை. சிறகில் ஒரு துளி நீலம், அப்படி ஒரு நீலத்தை நான் புடவைக் கடையில்கூடப் பார்த்ததில்லை. வாலே இல்லாத அந்தப் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி அது தத்தித் தத்தி நடந்தது. பைனாகுலரில் ஒரு கண்ணில் குருவியும் மறு கண்ணில் பனியும் தெரிந்தன. குருவி தெரிந்த கண்ணிலும் பிறகு ஒன்றும் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

அது கானோடு மேலே தத்திப் போனது. நானும் பின்னாலேயே ஊர்ந்தேன். எவ்வளவு தூரம் ஊர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. அக்கா என்று ஒருத்தி இருப்பதே எனக்கு நினைவில்லை. மேல் ரோட்டின் விளிம்பில் ஒரு நொடி நின்ற அது, ரோட்டுக்குத் தாவிப் பறந்தது. நான் ஒரு கையை ஊன்றினேன். கை கானுக்குள் போனது. கழுத்திலிருந்த தகரம் ஒரு கல்லில் விழுந்து, ஆலயமணி போல அடித்தது.

பக்கத்துச் செடிக்குள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த செம்போத்து, இனி இந்த ஊரில் மனிதர் வாழ முடியாது என்று முடிவு செய்து, 'புர்ர்' என்று கிளம்பி மேல் ரோட்டைக் கடந்தது. இடமிருந்து வலமாக. அதன் பின்னால், அதே திசையில், தலையில் கம்பளி, மூஞ்சியில் சேறு, கழுத்தில் தகரத்தோடு நான்கு காலில் நானும் ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு எதிரே கார் பிரேக் பிடித்து நின்றது.

முன் சீட்டில் ஊக்குக்கார மாப்பிள்ளை. என்னைப் பார்த்ததும் அவர் கன்னம் இரண்டும் உப்பின. சிரிப்பை அடக்குவதற்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வண்டியத் திருப்பு."

டிரைவர் சிங்களவர். இடப்பக்கப் பள்ளத்தைப் பார்த்தார், வலப்பக்க மண்மேட்டைப் பார்த்தார். "மெஹெ ஹரவன்ன பே அம்மே" என்றார். இங்கே திருப்ப முடியாது என்று அர்த்தம். திருப்பவேண்டுமென்றால் அந்த ரோட்டில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. எங்கள் வீட்டு முற்றம்.

ஆக, எங்கள் வீட்டை விட்டுப் போவதற்காக அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் தேயிலைக்குள் குறுக்குப் படியில் ஓடி, குரோட்டன் வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். முற்றத்தில் மாமா கொண்டுவந்த நற்செய்தியில் எல்லோரும் பூரித்துப்போய் நின்றார்கள். அம்மா கையில் பன்னீர்ச் செம்பு. அப்பா, "வாங்க, வாங்க" என்று காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து அது மறுபடி படாரென்று மூடப்பட்டது. அப்பா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் ஜன்னல் திரை அசைந்தது. அங்கே அக்கா இருந்தாள். என் வாழ்க்கையில் அத்தனை கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

"திருப்பிட்டு ஒடனே போகணும்" என்றார் மீனாட்சியம்மா. டிரைவர் பானட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து ஆவி கிளம்பியது. தண்ணீர் ஊற்றி ஆறவைக்காமல் கார் நகராது என்று அவர் கையை விரித்தார்.

மாப்பிள்ளை இறங்கி நின்று, வேலியைப் பார்த்தார். வேலிக்கு மேலே என் தகரம் தெரிந்திருக்கவேண்டும். "அம்மா, அந்தப் புள்ள இங்கதான் இருக்கு" என்றார்.

"ஏய், தகரத்துப் புள்ள! இங்க வா" என்று காருக்குள்ளிருந்து மீனாட்சியம்மா கூப்பிட்டார்.

போனேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் பொகவந்தலாவை வரை உருண்டு போயிருக்கவேண்டும்.

"அந்த ரெண்டாவது செம்போத்த வெரட்டினது நீதானா?"

"ஆமாங்க. ரெண்டாவது இல்லீங்க, அதேதாங்க."

"அப்ப மொதல்ல போனதும் நீ வெரட்டினதுதானா?"

மாமா காருக்குப் பின்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அம்மாவின் செம்பிலிருந்து பன்னீர் தரையில் சொட்டியது. பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கழுத்தில் தகரத்தை வைத்துக்கொண்டு என்ன பொய் சொல்வது?

"ஆமாங்க."

மீனாட்சியம்மா கண்ணை மூடித் திறந்தார். அவர் முகம் பச்சையாக இருந்தது. கோபத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

"நடுவுல ஒரு குட்டிக் குருவி, கலர் கலரா, காருக்கு முன்னாடி வந்துச்சே. அதையும் நீதான் வெரட்டினியா?"

"ஐயோ இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். "அது ஆறுமணிக் குருவிங்க! மூணு வருசமா தேடுறேன், இன்னைக்குத்தாங்க பாத்தேன். அது யாரு சொல்லியும் கேக்காதுங்க. அது தானா வந்துச்சுங்க."

"அப்ப அது ஒண்ணுதான் நெசச் சகுனம்" என்றார் அவர் மெதுவாக. "அது எந்தப் பக்கம் போச்சு?"

மாமாவின் கை காருக்குப் பின்னால் வலமிருந்து இடமாக, வலமிருந்து இடமாக, பேய் பிடித்தாற்போல ஆடியது. ஆனால் குருவி விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைப் பார்க்க மூன்று வருடம் காத்திருந்திருக்கிறேன்.

"எந்தப் பக்கமும் போகலீங்க. ரோட்டோட நேரா, ஒங்க காருக்கு முன்னாடியே பறந்து, எங்க வீட்டுக்குத்தாங்க வந்துச்சு. அந்தா, அடுப்படிக்குப் பின்னாடி எறங்குச்சுங்க."

மீனாட்சியம்மா யோசித்தார். அவர் கணக்கில் இடமிருந்து வலம் இருந்தது, வலமிருந்து இடம் இருந்தது. நேராகப் போவதற்கு ஒன்றும் இல்லை.

"முன்னாடி போனா என்னாடா பலன்?" என்று மகனைக் கேட்டார்.

"முன்னாடி போனா நம்ம பின்னாடி போகணும் போலம்மா" என்றார் மாப்பிள்ளை, முகத்தை மிகவும் பவ்வியமாக வைத்துக்கொண்டு.

மீனாட்சியம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் கதவையும் திறந்துகொண்டு, முற்றத்து ஓரத்துக்கு ஓடி, குனிந்து வாந்தியெடுத்தார். அந்தப் பச்சை முகத்துக்குக் கோபம் காரணமில்லை. நல்லதண்ணியிலிருந்து எங்கள் தோட்டம் வரைக்குமான அத்தனை வளைவும்தான் காரணம்.

எல்லோரும் திகைத்து நிற்க, வீட்டுக்குள்ளிருந்து அக்கா ஓடி வந்தாள். தலை குனிந்து, தட்டேந்தி, அன்ன நடை நடந்து வரவேண்டியவள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். "நல்லா எடுத்துருங்க அத்தை, உள்ள வச்சுக்காதீங்க" என்றாள். முதுகைத் தடவினாள், வாய் கொப்பளிக்க வைத்தாள். இஞ்சித் தண்ணி போடச் சொல்லி அம்மாவுக்கே உத்தரவிட்டாள். அப்படியே கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

வாசற்படியில் மீனாட்சியம்மா நின்றார். "மகன் மொதல்ல போகட்டும். நான் முன்னாடி போகக்கூடாது" என்றார்.

அக்கா அவர் கையை விடவேயில்லை. "நீங்க வாங்க அத்தை" என்றாள்.

அவர் முதலில் நுழைந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து இஞ்சித் தண்ணிக்குச் சீனி போதாது என்று அவர் குரல் கேட்டது. அப்பா அப்படியே காரின் மட்கார்டில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிள்ளை மடுவத்தின் கதவைத் திறந்துவிட்டேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அக்கா என்னிடம் கேட்ட கேள்விதான் இன்றுவரை குடும்பத்தில் ஓடுகிறது: "செம்போத்த வெரட்டச் சொன்னா, நீ ஏண்டி நாலு காலுல வந்த?" என் பிள்ளைகள் பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்துவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் இதைத்தான் கேட்பார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்கக் கொத்மலையிலிருந்து வந்தார்கள். அதே ரோடு, அதே வளைவு. இப்போது புடவையும் பூவுமாகத் தலை குனிந்து உட்காரவேண்டியவள் நான். கார் சத்தம் கேட்டதும், யாரும் பார்க்காதபோது பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். மாப்பிள்ளையை முதலில் நான் பார்த்துவிடவேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

கீழ் ரோட்டில் கார் தெரிந்தது. மானாப் புல் அசைந்தது. உற்றுப் பார்த்தேன். அம்மாவின் பழைய கம்பளி. உள்ளே மீனாட்சி அத்தை. கையில் என் பிஸ்கட் தகரம்.

முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர் காலையிலிருந்து ஏன் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தகரம் அடித்தது. செம்போத்து நகரவில்லை. மறுபடி அடித்தது. கார் கிட்டே வந்துவிட்டது. செம்போத்து நத்தை தின்றுகொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு தகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எந்த நல்ல காரியத்திலும் ஓரமாகவே நின்ற அந்த மனுசி, காருக்கு முன்னால், வலமிருந்து இடமாகத் தானே குறுக்கே ஓடினார்.

ஜன்னலில் நான் சிரித்த சிரிப்பில் மை கரைந்து கன்னத்தில் ஓடியது. அழுதேன் என்றும் சொல்லலாம். அந்தக் காரில் வந்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் நல்ல காரியத்துக்குக் காரில் கிளம்பினாலும், டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். யாராவது ஒருவர் வலமிருந்து இடமாகக் குறுக்கே ஓடியாக வேண்டும். அத்தை இருந்தவரை, அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.